போத்தல் மாற்றிய வியாழக்கிழமைகள்

வெறும் போத்தல் ஒன்றை என் மூக்கடியில் பிடித்தால், அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று சொல்லிவிடுவேன். நல்லெண்ணெய், வினாகிரி, தேன், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஓமத் தண்ணீர், எதுவானாலும் சரி. கழுவி வெயிலில் காயவைத்த போத்தலென்றாலும் தப்பாது. வீட்டில் கறி அடிப்பிடிக்கும்போது மட்டும் அந்த மூக்கு எங்கே போகிறது என்று என் மகள் கேட்பாள். அது வேறு மூக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். போத்தல் மணந்த மூக்கு சம்பளத்துக்கு வேலை செய்த மூக்கு. அதை வைத்து இரண்டு தங்கைகளைப் படிப்பித்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இரண்டு சோடாக் கம்பனிகள் இருந்தன. கம்பனி என்பது பெரிய சொல். ஒன்று திருகோணமலை உள்துறைமுகத்துக்குக் கிட்டத் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டில். மற்றது தண்ணீருக்கு அந்தப் பக்கம் கிண்ணியாவில், அதே அளவில் இன்னொரு கொட்டில். இரண்டும் ஒரே நாளில் உண்டானவை. சுதந்திரம் கிடைத்துப் பல வருடம் கழிந்த பிறகுதான் வெள்ளைக்காரக் கடற்படை எங்கள் துறைமுகத்தை விட்டுப் போனது. அது போனபோது கப்பல் பழுதுபார்க்கும் டொக்யார்டில் உழைத்த சனத்தின் வேலையும் கூடவே போனது. என் அப்பாவின் வேலையும் போனது. அவர் வீட்டுக்குப் பின்னால் மிளகாய்க் கன்று வைத்துக்கொண்டு, மழை வருமா வராதா என்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் அப்படித் திட்டிக்கொண்டு இருக்கவில்லை. கடற்படைக் கன்ரீனின் சாமான்களை ஏலம் விட்டபோது, டொக்யார்டில் ஒரே மேசையில் இயந்திரம் பூட்டும் பிற்றர் வேலை பார்த்த இரண்டு கூட்டாளிகள் சோடா நிரப்பும் இயந்திரங்கள் இரண்டை ஆளுக்கு ஒன்றாக எடுத்துவிட்டார்கள். ஒருவர் பின்னாளில் எனக்கு முதலாளியானவர், பட்டணத்துக்காரர். மற்றவர் கிண்ணியாக்காரர். ஒருவர் கரையில் மற்றவர் விற்பதில்லை என்று கைகொடுத்துப் பேசிக்கொண்டார்களாம். அந்தப் பேச்சு ஒரு வருடம்கூட நிற்கவில்லை. கிண்ணியாக்காரர்தான் முதலில் பட்டணச் சந்தைத் தேத்தண்ணிக் கடைக்கு ஒரு பெட்டி இறக்கினார் என்று என் முதலாளி சொல்லுவார். கிண்ணியாக் கலியாணம் ஒன்றுக்கு உங்கள் முதலாளிதான் முதலில் மூன்று பெட்டி கொண்டுவந்தார் என்று அவர் சொல்லுவார். இரண்டும் உண்மைதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் போத்தலின் வயிற்றில் நங்கூரம் புடைத்திருக்கும். அவர்களுடையதில் பாய்மரப் படகு. அடுத்தவர் போத்தலில் நிரப்பி விற்றால் வழக்கென்று கோட்டுக்கு இழுக்கலாம் என்பதால் அதை மட்டும் இருவரும் செய்யவில்லை. ஆனால் கடைக்காரருக்கு நங்கூரமும் ஒன்றுதான், படகும் ஒன்றுதான். வெறும் போத்தலைக் கைக்கு வந்தபடி பெட்டிக்குள் அடுக்கிவிடுவார்கள். நாங்கள் எடுத்துவரும் பெட்டியில் பாதி படகாக இருக்கும், அவர்கள் எடுத்துப்போகும் பெட்டியில் பாதி நங்கூரமாக இருக்கும். புதுப் போத்தல் வாங்கலாம் என்றால் கொழும்பில் பேர் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடக்கவேண்டும்.

ஆகவே வியாழக்கிழமை தோறும் கிண்ணியாத் துறையடியில் போத்தல் மாற்றினோம். அங்கே அப்போது பாலம் இல்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் தட்டையான மிதவை ஒன்று ஆட்களையும் பஸ்ஸையும் ஏற்றிக்கொண்டு போய்வரும். அதில் கிண்ணியாக்காரர் எங்கள் நங்கூரங்களோடு வருவார், நான் அவருடைய படகுகளோடு கரையில் நிற்பேன். அவர் ஒன்று வைக்க, நான் ஒன்று வைப்பேன். யுத்தக் கைதிகளை மாற்றுகிறவர்களும் எங்களைப்போல அவ்வளவு ஒழுங்காக மாற்றியிருக்கமாட்டார்கள். ஆறு வருடம் அப்படி மாற்றியும் இரண்டு முதலாளிமாரும் நேரே முகம் பார்த்ததில்லை. என் முதலாளி துறையடிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

நான் அந்தக் கம்பனியில் போத்தல் பார்க்கிறவள். கழுவுகிற பிள்ளைகள் நான்கு பேர் கழுவித் தருவதை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பார்ப்பேன், பிறகு மணப்பேன். கீறல் விழுந்தது, நாறுகிறது எல்லாம் ஒரு பக்கம், நல்லது இயந்திரத்துக்கு. என் கையைத் தாண்டித்தான் எல்லாம் போகவேண்டும் என்பதால், கம்பனியில் எது பிந்தினாலும் அது என் தலையில்தான் விழும்.

முதலாளியிடம் டொக்யார்டில் இருந்து வந்த சொத்து இரண்டு. ஒன்று அந்த இயந்திரம், மற்றது ஒரு சங்கிலிக் கடிகாரம். வேலை வாங்கும் வெள்ளைக்காரப் போர்மன் முன்பு அவர் தலைக்குமேல் பிடித்த கடிகாரத்தை அவர் இப்போது எங்கள் தலைக்குமேல் பிடித்தார். கழுவ எத்தனை நிமிடம், நிரப்ப எத்தனை நிமிடம், மூடி அடிக்க எத்தனை நிமிடம் என்று சுவரில் கரியால் எழுதிவைப்பார். என் பேருக்குக் கீழேதான் எப்போதும் பெரிய எண் இருக்கும்.

“என்ன பிள்ளை, நீ போத்தல் பாக்கிறியோ, பொம்பிளை பாக்கிறியோ?” என்று ஒருநாள் கடிகாரத்தோடு வந்து நின்றார். “திருப்பித் திருப்பிப் பாத்தா மூக்கும் முழியும் மாறிடுமோ?”

“பாக்கத்தான் வேணும் முதலாளி. வெடிச்சா மெசின் நிண்டிடும்.”

“எங்கை வெடிக்குது? எண்டைக்காவது வெடிச்சதோ?”

வெடிக்காததற்கு நான்தான் காரணம் என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நடக்காத ஒன்றுக்குச் சாட்சி கொண்டுவர யாராலும் ஏலாது. கீறல் உள்ள போத்தலுக்குள் வாயு ஏறினால் வெடிக்கும். வெடித்தால் கண்ணாடித் துண்டு பொறுக்கி, இயந்திரத்தைத் துடைத்து, மறுபடி ஓட்ட அரை நாள் போய்விடும். இதைச் சொன்னேன். அவர் கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தார்.

அந்தப் பங்குனியில் அவர் முடிவை வெளியே விட்டார். “சித்திரை வருசம் பிறந்த பிறகு நீ வேறை வேலை பாக்கவேண்டி வரும் பிள்ளை. கழுவிற பிள்ளையளே பாத்துக்கொள்ளுவினம். கோவியாதை, உன்னிலை எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை.”

எனக்குத்தான் அவரில் மனவருத்தம் இருந்தது. வீட்டுக்கு வந்து பானையைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். தங்கைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில். அப்பாவின் மிளகாய் அந்த முறையும் இலை சுருண்டு குருடித்துப்போயிருந்தது. இன்னொரு கம்பனி கிண்ணியாவில் இருந்தது, ஆனால் அங்கே போத்தல் பார்க்கிறவள் என்று ஒரு வேலையே இல்லை. சித்திரை வருசத்துக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான் இருந்தது.

அந்த முறை ஹஜ்ஜுப் பெருநாளும் சித்திரை வருசமும் ஒரே கிழமையில் வந்தன. சோடாக்காரருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? கிண்ணியாக்காரர் முந்திக்கொண்டார். ஒரு பெட்டி சோடா எடுக்கும் கடைக்கு ஒரு துண்டு ஐஸ் சும்மா கொடுத்தார். பட்டணத்துக் கடைகள் எல்லாம் படகுப் பக்கம் சாய்ந்தன. என் முதலாளி இரண்டு நாள் சாப்பிடாமல் திரிந்தார். மூன்றாம் நாள் முகம் மலர வந்தார்.

“கடையளிலை இருக்கிற அவன்ரை வெறும் போத்தல் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு வாங்கோ. துறையடிக்கு ஒண்டும் போகப்படாது. போத்தல் இல்லாட்டி சோடாவை என்ன இடுப்புச் சாரத்துக்குள்ளை முடிஞ்சே விக்கப்போறான்?”

அடுத்த வியாழன் நான் ஒரு கை எண்ணிக்கைப் போத்தல்களோடு துறையடியில் நின்றேன். கிண்ணியாக்காரரும் அதேயளவு கொண்டு வந்திருந்தார்.

“சேரேல்லை நானா,” என்றேன்.

“எங்களுக்கும் சேரல்ல புள்ள. சனம் சோடா குடிக்கிறது கொறஞ்சி போச்சி.”

இந்தப் புழுக்கத்தில் சனம் சோடா குடிப்பது குறைந்துவிட்டதாம். நான் சிரிக்காமல் நின்றேன், அவரும் சிரிக்காமல் நின்றார். அதற்கடுத்த வியாழனும் அதே கதைதான்.

எங்கள் வளவு படகுப் போத்தலால் நிரம்பியது. மதில் உயரத்துக்கு அடுக்கினோம். கிணற்றடிக்குப் போகிறவர்கள் பக்கவாட்டாக நடந்தார்கள். முதலாளி காலையில் வந்து அந்த அடுக்கைப் பார்த்துவிட்டு, கோட்டை பிடித்தவர்போல இடுப்பில் கைவைத்து நிற்பார். எங்களிடம் நிரப்புவதற்கு நங்கூரப் போத்தல் முடிந்துவிட்டது என்று நாலு நாள் அப்படி நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது. இயந்திரம் நின்றது. கழுவுகிற பிள்ளைகள் வரிசையாக இருந்து ஒருவர் தலையில் ஒருவர் பேன் பார்த்தார்கள். மூடி அடிக்கிறவர் நித்திரை கொண்டார். சுவரில் எழுத ஒரு எண்ணும் இல்லாமல் முதலாளி கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வருசத்துக்குத் தயிர் வாங்கவேண்டும் என்று சாட்டுச் சொல்லி, நான் பாதையேறிக் கிண்ணியாவுக்குப் போனேன். தயிர் வாங்கியது உண்மைதான். ஆனால் திரும்பும் வழியில் அந்தச் சோடாக் கம்பனியின் கிடுகு வேலிக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். உள்ளே நங்கூரம். வேலி உயரத்துக்கு எங்கள் நங்கூரம். ஒரு பக்கம் அவருடைய இயந்திரம் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. கையில் தயிர்ச் சட்டியோடு நான் சிரிக்கத் தொடங்கினேன். அடக்கமுடியவில்லை. அந்தச் சத்தத்தில் அவர் வெளியே வந்துவிட்டார்.

என்னையும் நங்கூர அடுக்கையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, “உங்கட ஆள்ர வளவும் இப்படித்தானா புள்ள?” என்று கேட்டார்.

“இதைவிட உயரம் நானா.”

அவரும் சிரித்தார். உள்ளே கூப்பிட்டு ஒரு கதிரை போட்டுத் தேத்தண்ணி தரச்சொன்னார். அவருக்கும் பெருநாளுக்கு ஒரு பெட்டி நிரப்ப வழியில்லை. இரண்டு பெரிய மனிதர்கள் ஒருவர் கழுத்தை மற்றவர் பிடித்துக்கொண்டு, இருவருக்கும் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. கொழும்பில் இருந்து ஒரு லொறி வந்து இரண்டு கரையையும் அள்ளிக்கொண்டு போனாலும் கேட்க ஆளில்லை.

“சனிக்கிழமை காலமை எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு வாங்கோ. எங்கடையும் வரும்,” என்றேன்.

“அவன் வருவானா?”

“வரப்பண்ணிறன்.”

அதற்கு ஒரு பொய் தேவைப்பட்டது. முதலாளியிடம் போய், “சனிக்கிழமை கிண்ணியாக்காரர் எல்லா நங்கூரத்தையும் கொண்டுவாறாராம். நீங்கள் வரமாட்டியளாம். டொக்யார்டிலையும் பிரச்சினை எண்டா நீங்கள்தான் முதல் ஒளிக்கிறதாம்,” என்றேன். கதிரை பின்னால் விழுந்தது. அவர் எழும்பின வேகத்தை அந்தக் கடிகாரத்தால்கூட அளந்திருக்க ஏலாது.

சனிக்கிழமை துறையடி பெருநாள் சந்தைபோல இருந்தது. குர்பானுக்கு அறுக்க வாங்கிய ஆடுகள் ஒரு பக்கம், பஸ்ஸுக்கு நின்ற சனம் ஒரு பக்கம், நடுவில் மலைமலையாகப் போத்தல். பாதை இழுக்கிறவர்கள் எங்களைப் பேசாத பேச்சில்லை. ஒரு ஆடு எங்கள் பெட்டிக்குள் தலையை விட்டு வெளியே எடுக்கமுடியாமல் நின்றது. முதலாளிமார் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நடுவில் சாக்கு விரித்து மாற்றத் தொடங்கினேன்.

கை பழக்கத்தில் ஓடியது. வெளிச்சம், மூக்கு, சாக்கு. அவருடைய படகென்றாலும் எங்கள் நங்கூரமென்றாலும், கீறலும் நாற்றமும் உள்ளதைத் தனியே வைத்தேன். கிண்ணியாக்காரர் கிட்ட வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது ஏன் ஒதுக்கின?”

“மண்ணெண்ணெய் நானா.”

வாங்கி மணந்தார். “எனக்கு ஒண்டும் மணக்கல்லியே.”

“நிரப்பிக் குடிச்சுப் பாருங்கோ, மணக்கும்.”

அவர் அந்தப் போத்தலை நான் ஒதுக்கிய பக்கத்திலேயே திரும்ப வைத்தார். பிறகு, ஏழு வருடத்துக்குப் பின் முதல் தடவையாக என் முதலாளியின் பக்கம் திரும்பினார். “மச்சான், எண்ட மெசின்ல கிழமைக்கு நாலஞ்சி போத்தல் வெடிக்கிது. உன்ட மெசின்ல எத்தின?”

முதலாளி வாயைத் திறந்தார். “ஒண்டும்...” என்று தொடங்கியவர் அங்கேயே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். சாக்கில் நான் ஒதுக்கிவைத்திருந்த போத்தல்களைப் பார்த்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்க் கடிகாரத்தைத் தொட்டுவிட்டு வெறுமனே வெளியே வந்தது. ஆறு வருடமாக நான் வாயால் சொல்லி விளங்காதது, எதிராளி கேட்ட ஒரு கேள்வியில் விளங்கிவிட்டது. எனக்கு அப்போது வந்த சந்தோசத்தை எழுத ஏலாது. கண்ணும் கலங்கியது, வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

“இந்தப் புள்ளய எனக்குத் தா,” என்றார் கிண்ணியாக்காரர்.

“தரமாட்டன்,” என்றார், என்னை வருசத்தோடு நிற்பாட்ட இருந்தவர்.

“சும்மா வேணாம். எண்ட மூடி அடிக்கிற ஆள எடு. வேலையில சூரன்.”

முதலாளியின் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. ஒன்றுக்கு ஒன்று, அதுதானே பழக்கம். எனக்கு வந்ததே கோபம். கையில் இருந்த படகைச் சாக்கில் போட்டுவிட்டு எழும்பினேன்.

“நான் என்ன உங்கடை போத்தலோ, வச்சு மாத்திறதுக்கு? ரெண்டு பேரும் கேளுங்கோ. நான் அங்கையும் வரேல்லை, இங்கையும் இருக்கேல்லை. இந்தத் துறையடியிலை ஒரு கொட்டில் போட்டுத் தாங்கோ. ரெண்டு கரைப் போத்தலும் இங்கை வரட்டும். பிரிச்சு, கழுவி, பாத்து, அவரவர் போத்தலை அவரவருக்குத் தாறன். சம்பளம் ரெண்டு பேரும் பாதி பாதி. ஒருத்தரும் ஒருத்தற்றை போத்தலை ஒளிக்கவும் ஏலாது.”

சனம் கேட்டுக்கொண்டு நின்றது. ஆட்டின் தலையை யாரோ ஒருவர் பெட்டியில் இருந்து விடுவித்தார். முதலாளிமார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு கொட்டில் எந்தப் பக்கம் வாசல் வைக்கவேண்டும் என்று உடனே சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கொட்டில் வரும் என்று.

அன்று எண்ணிப் பார்த்ததில் கூடுதலாக ஒளித்து வைத்திருந்தது நாங்கள்தான். முதலாளி அதைத் துறையடி முழுவதும் வெற்றி வாகை சூடியவர்போலச் சொல்லித் திரிந்தார்.

கொட்டில் பன்னிரண்டு வருடம் அப்படியே ஓடியது. இரண்டு கரையிலும் இருந்து கழுவ வந்த பிள்ளைகள் ஒரே தொட்டியில் கைவைத்தார்கள். நோன்பு காலத்தில் கிண்ணியாப் பிள்ளைகள் வெள்ளனப் போக நாங்கள் பார்த்துக்கொள்வோம், தைப்பொங்கலுக்கு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பார்த்து வந்த போத்தல் என்பதால் இரண்டு இயந்திரமும் நில்லாமல் ஓடின. இருவரும் முன்பைவிடக் கூடுதலாக விற்றார்கள், முன்பைவிடக் கடுமையாகத் தங்களுக்குள் அடிபட்டார்கள். அவர் ஐஸ் கொடுத்தால் இவர் உறிஞ்சிக் குடிக்கக் காகிதக் குழாய் கொடுத்தார். போத்தலில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

எழுபத்தேழுக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமானுக்கு நாட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். நான் அன்றைக்கு கிண்ணியாக்காரர் தந்த தேத்தண்ணியோடு இருந்து நினைத்த லொறி உண்மையாகவே வந்தது. கொழும்புப் பெரிய கம்பனி கடைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி சும்மா வைத்தது, அதற்குள் குளிரக் குளிரத் தன் போத்தலை அடுக்கியது. எங்கள் ஒறேஞ்சும் இஞ்சிப் பியரும் வெளியே வெயிலில் நின்றன. கிண்ணியாக்காரர் முதலில் மூடினார், அடுத்த மாதம் என் முதலாளி மூடினார். மூடி அடித்த இருவரும் புல்மோட்டை மணல் ஆலைக்குப் போனார்கள். கழுவின பிள்ளைகளில் சிலருக்குக் கலியாணம், சிலருக்குக் கடை வேலை. அழுதோம், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நெடுநாள் அழ நேரம் இருக்கவில்லை.

ஏனென்றால் என் கொட்டில் மூடவில்லை. கதவு திறந்த பிறகு எண்ணெய் ஆட்டுகிறவன், வினாகிரி காய்ச்சுகிறவன், தேன் விற்கிறவன், பழரசம் போடுகிறவன் என்று புதிதுபுதிதாக ஆட்கள் முளைத்தார்கள். எல்லோருக்கும் நாறாத, வெடிக்காத போத்தல் வேண்டும். அது இந்தக் கரையோரம் முழுவதிலும் ஒரு இடத்தில்தான் இருந்தது.

கழுவும் தூரிகையைச் சுழற்ற ஒரு இயந்திரம் வேண்டும் என்று ஒருநாள் என் பழைய முதலாளியிடம் சொன்னேன். அடுத்த நாள் அவர் வந்தார், கிண்ணியாக்காரரையும் கூட்டிக்கொண்டு. நிரப்பும் இயந்திரங்கள் இரண்டையும் கழற்றி, டொக்யார்டில் நின்றதுபோல ஒரே மேசையில் நின்று, ஒரு மாதம் பேசிச் சண்டை பிடித்து ஒரு கழுவும் இயந்திரம் செய்தார்கள். செய்து முடித்த பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. நாளாந்தம் வந்தார்கள். சும்மா இருக்கிறவர்களுக்கு நான் தேத்தண்ணி கொடுப்பதில்லை என்று சொன்னேன். சம்பளம் போட்டுப் போத்தல் பார்க்க இருத்தினேன்.

சங்கிலிக் கடிகாரத்தைக் கம்பனி மூடிய அன்றே முதலாளி என்னிடம் தந்துவிட்டார். ஒருநாள் காலை அவர் ஒரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்புகிறார், திருப்புகிறார், கீழே வைக்கிறாரில்லை. வினாகிரிக்காரன் வாசலில் காத்து நிற்கிறான். நான் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அவர் தலைக்குமேல் போய் நின்றேன்.

“என்ன முதலாளி, போத்தல் பாக்கிறியளோ, பொம்பிளை பாக்கிறியளோ?”

கிண்ணியாக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். முதலாளி சிரிக்கவில்லை. போத்தலில் இருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

“பாக்கத்தான் வேணும் பிள்ளை,” என்றார். “வெடிச்சா மெசின் நிண்டிடும்.”

நான் கடிகாரத்தைக் கொண்டுபோய் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, வினாகிரிக்காரனை இன்னும் கொஞ்சநேரம் இருக்கச் சொன்னேன்.